இருபது சுட்டதில் ஐந்து போச்சு: அத்தானின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் ஏன் விரிசல் விடுகின்றன?

கல்லிடைக்காரன்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். லேத் வேலை, பித்தளை வேலை தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். பிரச்சினை என்னுடையது இல்லை, அக்காவைக் கட்டிய அத்தானுடையது. அவர் இருப்பது அமெரிக்காவில், மொன்டானாவில். ஊரில் இருந்தவரைக்கும் தாமிரபரணியில் தூண்டில் போட்டதைத் தவிர வேறு வேட்டை தெரியாத மனுஷன், அங்கே போய்ப் பத்து வருஷத்தில் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டை, அப்புறம் துப்பாக்கி, அப்புறம் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வது என்று முழுசாக இறங்கிவிட்டார். அந்த ஊரில் அதற்குத் தடை இல்லை.

இப்போது அவர் பிடித்திருப்பது 'வைல்ட்கேட்'. கடையில் கிடைக்காத தோட்டா என்று அர்த்தமாம். 30-06 என்ற பழைய ரைஃபிள் தோட்டாவை எடுத்து, அதன் தோளை (கூடு ஒடுங்கிக் கழுத்தாகிற சரிவை) நிமிர்த்தி, உள்ளே இன்னும் கொஞ்சம் வெடிமருந்து கொள்ளும்படி மாற்றிய வடிவம். பெயர் 30-06 ஆக்லி இம்ப்ரூவ்ட். பழைய மவுசர் ரைஃபிள் ஒன்றை அங்கே உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து சேம்பரை (தோட்டா உட்காரும் குழியை) அந்த வடிவத்துக்குக் கடைந்து வாங்கியிருக்கிறார். சாதாரணக் கூட்டை அதில் போட்டுச் சுட்டால், வெடிப்பின் அழுத்தத்திலேயே பித்தளை விரிந்து புது வடிவத்துக்கு வந்துவிடும், அதுதான் ஃபயர்ஃபார்மிங்.

20 சுட்டதில் 5 கெட்டுப்போனது. மூன்றில் கழுத்திலிருந்து தோள் வரைக்கும் நெடுக்காக விரிசல். இரண்டில் வெளியே விரிசல் இல்லை, ஆனால் அடியிலிருந்து சுமார் மூணு நூல் உயரத்தில் சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு. வீடியோ காலில் விளக்கு வெளிச்சத்தில் உருட்டி உருட்டிக் காட்டினார். பித்தளை மட்டம், விலை கூடின கூடு ஆர்டர் போடப்போகிறேன் என்கிறார். எனக்கென்னவோ இரண்டும் ஒரே நோய் மாதிரித் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்

தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன், 'வைல்ட்கேட்' என்றதும் உங்கள் அத்தான் காட்டுப்பூனையைச் சுடுகிறார் என்று நினைத்து ஃபாரஸ்ட்காரருக்குச் சொல்லலாமா என்று பார்த்தேன். முண்டந்துறைப் பக்கம் மட்டும் அவரைக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

பழைய ஆர்மரர்

தம்பி, முதலில் ஒன்று. இங்கே படிக்கிறவர்கள் யாரும் இதை நம்மூரில் முயற்சி செய்யவேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், உள்ளே போனால் வெளியே வருவது கஷ்டம். அத்தான் இருக்கிற ஊர் சட்டம் அவருக்கு. இதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ராணுவத்தில் இருபது வருஷத்துக்கு மேல் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. கழுத்து விரிசலும் அடியில் வரும் வளையமும் வேற வேற. கழுத்தில் விரிசல் விட்டால் கொஞ்சம் புகை பின்னால் வரும், கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். அந்த வளையம்தான் ஆபத்து. அதே கூட்டை இன்னும் ஒன்றிரண்டு தடவை சுட்டால் அந்தக் கோட்டிலேயே கூடு இரண்டாகப் பிய்ந்து, முன்பாதி சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சூடான வாயு போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உருளை) பக்கம் பீறிட்டு வந்தால் முகத்தில்தான் அடிக்கும். வளையம் வந்த இரண்டை இன்றைக்கே இடுக்கியால் நசுக்கிப் போடச் சொல்லுங்கள். 'பார்க்க நல்லாத்தானே இருக்கு' என்று திரும்ப நிரப்பவேண்டாம்.

மீதி 15 கூட்டையும் சோதிக்கவேண்டும். அதற்கு மெஷின் வேண்டாம். ஒரு கெட்டியான கம்பியை, ஜெம் கிளிப்பை நிமிர்த்தினாலும் போதும், நுனியில் அரை நூல் அளவுக்கு எல் மாதிரி வளைத்துக் கூர் தீட்டவேண்டும். கூட்டின் வாய் வழியாக விட்டு, உட்சுவரில் நுனியை அழுத்தியபடி அடியிலிருந்து மேலே மெதுவாக இழுக்கவேண்டும். நல்ல கூடு என்றால் வழுக்கிக்கொண்டு வரும். சுவர் மெலிந்திருந்தால் அந்த இடத்தில் 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் மாட்டும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

பேட்டை லேத்

அண்ணாச்சி சொன்ன வளையம் எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் மெலிய வேண்டும்?

பழைய ஆர்மரர்

கூட்டின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை தம்பி. கழுத்துப் பக்கம் மெல்லிசு, கீழே வரவரத் தடிப்பு, அடி கட்டிப் பித்தளை. சுட்டவுடன் மெல்லிய முன்பாகம் உப்பிச் சேம்பர் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் அவ்வளவு சுலபமாக உப்பாது, பிடிக்காது. கூட்டுக்குப் பின்னால் போல்ட் முகம் வரைக்கும் இடைவெளி இருந்தால் அடி அதை நோக்கிப் பின்னால் ஓடும். முன்னால் பிடித்தாச்சு, பின்னால் இழுக்குது, நடுவில் எங்கே மெல்லிசும் தடிப்பும் சேர்கிறதோ அங்கே பித்தளை நீளும். நீண்டால் மெலியத்தானே செய்யும்.

இந்த இடைவெளிக் கணக்குக்குத்தான் ஹெட்ஸ்பேஸ் என்று பேர். பழைய 303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, கூடு அந்த விளிம்பில் நிற்கும். நாலாம் நம்பர் என்ஃபீல்டு ரைஃபிளுக்கு 0, 1, 2, 3 என்று நம்பர் போட்ட போல்ட் ஹெட் மாற்றி இடைவெளியைச் சரிசெய்வார்கள். 30-06-க்குத் துருத்திய விளிம்பு கிடையாது. அது தோளில்தான் நிற்கவேண்டும்.

சேம்பர் கடைந்தவரைக் கேளுங்கள். ஹெட்ஸ்பேஸ் கேஜ் (அந்த இடைவெளியைப் பார்க்கும் அளவுக்கட்டை) வைத்துப் பார்த்தாரா என்று.

பேட்டை லேத்

ஆ, இப்போது பிடிபட்டது. தோளில் நிற்கவேண்டிய கூட்டுக்குத் தோளையே வெட்டி எடுத்தாச்சு!

நேற்று ராத்திரி இதைப் பற்றித் தேடிப் படித்தேன், பொண்டாட்டி திட்டத் திட்ட. 30-06 தோளின் சரிவு பதினேழரை டிகிரி. ஆக்லி வடிவத்தில் 40 டிகிரி. பார்க்கர் ஓட்டோ ஆக்லி என்று யூட்டா மாநிலத்தில் இருந்த துப்பாக்கி ஆசாரி, 1903-இல் பிறந்து 1989-இல் இறந்தவர், இந்த மாதிரி எத்தனையோ தோட்டாக்களை மாற்றி அமைத்திருக்கிறார். அந்த ஆளுடைய கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா, பழைய கூடு புது சேம்பரில் எங்கே தொடும் என்று முதலிலேயே யோசித்ததுதான். சரிவு வேற வேற என்பதால் தோள் முழுக்கத் தொடாது. கழுத்தும் தோளும் சேரும் மூலை மட்டும் ஒரு வளையமாகத் தொடும். அந்தத் தொடுதல் உறுதியாக இருக்க, சேம்பரை சாதாரண அளவை விட 4 தவ் குட்டையாகக் கடைய வேண்டும் என்று வைத்தார். (லேத் தெரியாதவர்களுக்கு: ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அப்போது கடைக் கூட்டைப் போட்டுப் போல்ட்டை மூடினால் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு மூடும். அடி போல்ட் முகத்தில், மூலை சேம்பரில், இரண்டு பக்கமும் பிடி. இனி வெடித்தால் பித்தளை பக்கவாட்டில்தான் போகமுடியும், நீளவாக்கில் போக இடமில்லை.

ஏற்கனவே 30-06 கடைந்திருக்கிற பேரலில் இந்த 4 தவ் குறைக்கவேண்டும் என்றால் சும்மா ரீமர் (துளை கடையும் கருவி) விட்டால் நடக்காது. வெட்டி எடுத்த இரும்பு திரும்ப வராதே. பேரலைக் கழற்றி, பின்னால் ஒரு புரி (திருகு மரை) அளவுக்குத் தள்ளி, அப்புறம்தான் புதுசாகக் கடைய வேண்டும். மவுசர் 98-க்கு அங்குலத்துக்கு 12 புரி, ஒரு புரி என்றால் 83 தவ். அது அரைநாள் வேலை. பேரலைக் கழற்றாமலே ரீமரை விட்டுத் திருப்பினால் கால் மணி நேர வேலை. அந்த ஆள் எந்த வேலையைச் செய்திருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை, நம்மூரிலும் இதே கதைதான்.

கல்லிடைக்காரன்

அத்தானிடம் கேட்டேன். 'கழட்டினாரா இல்லையான்னு தெரியாதே, காலையில கொடுத்தேன், மத்தியானம் வாங்கிட்டு வந்துட்டேன்' என்கிறார். கேஜ் அவரிடம் இல்லை. வேறு வழி இருக்கிறதா அண்ணாச்சி?

பழைய ஆர்மரர்

மத்தியானமே கொடுத்துவிட்டாரா. ம்.

செல்லோடேப் இருக்கிறதா வீட்டில்? ஒரு அடுக்கு சுமார் 2 தவ் வரும். சுடாத புதுக் கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்க அடியில் வைக்கும் சின்ன மூடி) இல்லாதது, மருந்து இல்லாதது, குண்டு இல்லாதது. போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டு, கூட்டின் அடியில் டேப் ஒட்டி ஓரத்தை பிளேடால் சுற்றி வெட்டி, போட்டு மூடிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு அடுக்காகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் போல்ட் கைப்பிடி முறுக்கும். பலம் கொடுத்து அழுத்தவேண்டாம், ஒரு விரலால் தள்ளினால் போகிறவரைக்கும்தான் கணக்கு. கம்பெனிக் கூடுகளே கேஜை விடக் கொஞ்சம் குட்டையாக வருவது உண்டு, அதனால் ஒன்றிரண்டு அடுக்குக்கு மூடினால் பயப்படவேண்டாம். அதற்கு மேல் போனால் சேம்பர் நீளம்.

இது கேஜுக்கு மாற்று இல்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்கிற தொட்டுப்பார்க்கிற வைத்தியம், அவ்வளவுதான்.

பாத்திரக்கடை பேரன்

எங்கள் குடும்பம் அம்பாசமுத்திரம் பக்கம் வாகைக்குளம். தாத்தா காலத்தில் பித்தளைப் பட்டறை. துப்பாக்கி பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் கழுத்து விரிசலைப் பற்றிப் படித்ததும் தெரிந்துவிட்டது. அது இறுகின பித்தளை.

பித்தளைத் தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். முதல் அடிக்கு 'தொப்'பென்று வாங்கிக்கொள்ளும், நூறு அடிக்கு அப்புறம் சுத்தியல் துள்ள ஆரம்பிக்கும், சத்தமே மாறிவிடும், 'ணங்'கென்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் அடித்தால் விளிம்பில் கீறல் விடும். தாத்தா பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு 'போதும், காய்ச்சு' என்பார், பக்கத்து ஆள் அடிக்கிற தகடாக இருந்தாலும் காதிலேயே கண்டுபிடித்துவிடுவார். உலையில் காட்டி எடுத்தால் மறுபடி இளகிவிடும். அப்புறம் இன்னொரு நூறு அடி.

அத்தானின் கூடும் அப்படித்தானே. ஒவ்வொரு தடவை சுடும்போதும் கழுத்து விரியும், திரும்ப நிரப்பும்போது டை என்ற அச்சு வைத்துச் சுருக்குவார்கள். விரிச்சுச் சுருக்கி விரிச்சுச் சுருக்கி இறுகியிருக்கும். அதைக் கொண்டுபோய் திடீரென்று தோளையே நிமிர்த்தச் சொன்னால் விரிசல் விடாமல் என்ன செய்யும். எல்லாக் கூட்டையும் அக்கா வீட்டு கேக் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், இளகிவிடும்.

பழைய ஆர்மரர்

நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! ஓவனில் வைக்கவே கூடாது. பாத்திரத்தை முழுசாகக் காய்ச்சலாம், அதற்குள் யாரும் வெடி வைக்கப்போவதில்லை. தோட்டாக்கூட்டின் கழுத்தும் தோளும் இளகியிருக்கவேண்டும், அடி இறுகியே இருக்கவேண்டும். 30-06-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. உங்கள் பைக் டயரில் 30. அடி இளகின கூட்டில் அந்த அழுத்தம் விழுந்தால் பிரைமர் குழி அகன்று, அடியே வெடித்துப் பின்னால் வரும். இது தெரியாமல் செய்து கண்ணை இழந்துவிடக்கூடாது.

பாத்திரக்கடை பேரன்

மன்னிக்கணும் அண்ணாச்சி, அது தெரியாமல் சொல்லிவிட்டேன். அத்தான் இன்னும் வைக்கவில்லையே?

கல்லிடைக்காரன்

இல்லை. அக்கா ஓவனைத் தொடவிட மாட்டாள், அதனால் தப்பித்தோம்.

பாளை வாத்தியார்

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, இடம்தான் மாறிப்போனது.

தோட்டாப் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அடித்தோ இழுத்தோ வளைத்தோ உருமாற்றினால் படிகத்துக்குள் குறைபாடுகள் சேர்ந்து சிக்கிக்கொள்ளும், அதுதான் இறுக்கம். சூடாக்கினால் பழைய படிகங்கள் அழிந்து புதிது வளரும், அதுதான் இளக்கம். இரும்புக்குப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும், பித்தளையை முக்கினாலும் இளக்கம் இளக்கம்தான். கழுத்தைச் சூடாக்கித் தண்ணீரில் போடுவது சூடு அடிப்பக்கம் இறங்காமல் தடுக்க மட்டுமே.

கம்பெனியிலேயே கூட்டை வட்டத் தகட்டிலிருந்து படிப்படியாக இழுத்து நீட்டுகிறார்கள், நடுநடுவே காய்ச்சி இளக்கித்தான் அடுத்த இழுப்பு. கடைசியாகக் கழுத்தைக் காய்ச்சும்போது நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஏறும். அமெரிக்க ராணுவக் கூடுகளில் அந்தக் கறையை அப்படியே விட்டிருப்பார்கள், கடைச் சரக்கில் பளபளப்புக்காகத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ஆக அத்தான் செய்ய வேண்டியது, கூட்டைச் சுற்றிக்கொண்டே கழுத்துக்கு மட்டும் சில விநாடிகள் சுடர் காட்டுவது. வெப்பநிலையைக் காட்டும் பூச்சு விற்கிறார்கள், அதை உட்பக்கம் தடவிப் பார்த்துச் செய்யலாம். கழுத்து சிவந்து ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது.

இது ஒரு பக்கம். எனக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. அந்த மூன்று கூடுகளும் எங்கே வாங்கியவை? எங்கே வைத்திருந்தவை?

கல்லிடைக்காரன்

சார், மூன்றுமே பழைய சரக்கு. பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணைக்காரர் இறந்துபோய், வீட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு சாக்குப் பை நிறைய சுட்ட கூடுகள் மலிவாகக் கிடைத்ததாம். பை குதிரை லாயத்தில் சேணம் மாட்டுகிற அறையில் கிடந்ததாம். ஏன் கேட்கிறீர்கள்?

பாளை வாத்தியார்

லாயமா! வாருங்கள், இது நம் நாட்டுக் கதை.

பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் படை வைத்திருந்த காலத்தில் மழைக்காலத்துக்குத் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கம். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் யாரும் சுடாத தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டிருக்கும். மழைப் பருவத்தில் வருவதால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, காற்றின் ஈரம், கூட்டை இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிப்போன விசை, மூன்றும் சேர்ந்த வினை. அம்மோனியா செம்பைக் கரைக்கும்; மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா ஊற்றினால் ஆழ்ந்த நீலம் வருமே, பள்ளியில் பார்த்திருப்பீர்கள், அதே சேர்மம்தான். உலோகத்தின் படிக எல்லைகளில் அது அரிக்க, உள்ளே இருக்கும் இழுவிசை அந்த இடத்தைப் பிளக்கும்.

விசை இல்லாத பித்தளை அதே லாயத்தில் கிடந்தாலும் நிறம் மங்குமே தவிர வெடிக்காது. அதனால் தீர்வும் எளிது: மிதமாகச் சூடாக்கி உள்விசையை மட்டும் போக்கிவிடுவது. கடினத்தன்மை போகும் அளவுக்குச் சூடு தேவையில்லை.

அந்தப் பண்ணைக்காரர் அதே கூடுகளைப் பலமுறை நிரப்பிச் சுட்டும் இருக்கலாம், அப்படியென்றால் பேரன் சொன்ன இறுக்கமே போதும் காரணம். சாக்குப் பையில் மீதியுள்ள கூடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். சுடாமலே கழுத்தில் மயிரிழைக் கீறல் இருந்தால் லாயம்தான்.

தென்காசிச் சாரல்

குதிரை மூத்திரத்துக்கு இவ்வளவு சக்தியா. இனி பித்தளைக் குடத்தை யாரும் தொழுவத்துப் பக்கம் வைக்காதீர்கள்.

கல்லிடைக்காரன்

சாரல், நீங்கள் விளையாட்டாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஆச்சியின் சீர்க்குடம் ஒன்று இருக்கிறது. பைப்புத் தண்ணீர் வந்த பிறகு யாரும் எடுக்காமல் மாட்டுத்தொழுவத்துப் பரணில் வைக்கோலுக்குப் பின்னால் பல வருஷம் கிடந்தது. போன கார்த்திகைக்கு எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தால் கழுத்து வளைவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். யாரும் கீழே போடவில்லை, இடிக்கவில்லை. அம்மா என் மேலே சந்தேகப்பட்டாள். இப்போது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்: கீறலுக்குப் பக்கத்தில் ஒடுக்கு எதுவும் இல்லை, விளிம்பில் லேசாகப் பச்சை, கத்தியால் கோடு போட்ட மாதிரி ஒரே வரிசை. கழுத்துதான் அடித்து ஒடுக்கின இடம், இல்லையா பேரன்?

பாத்திரக்கடை பேரன்

ஆமாம், கழுத்துதான் அதிகம் அடி வாங்கும் இடம். கடைசி அடி முடிந்த பிறகு காய்ச்சாமல் விட்டால்தான் குடம் கெட்டியாக நிற்கும், தூக்கினால் நெளியாது. அந்தக் கெட்டிதான் உள்விசை போலிருக்கிறது. வாத்தியார் சொன்ன பிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. ஈயம் பூசும்போது நவச்சாரம் தூவுவோம், புகை கண்ணை எரிக்கும். நவச்சாரமும் அம்மோனியாக் குடும்பம்தானே சார்?

பாளை வாத்தியார்

அம்மோனியம் குளோரைடு. சரியான கேள்வி. பூசியபின் நன்றாகக் கழுவிவிட்டால் தொல்லை இல்லை. அத்தானுக்கும் இது பொருந்தும்: அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் போட்டுக் கூட்டைத் துடைக்கவேண்டாம். அங்கே பலர் எலுமிச்சை உப்பு போட்டுக் கழுவுகிறார்கள், நம் புளிக்கு அண்ணன் தம்பி. அதிக நேரம் ஊறவிட்டால் துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் தங்கி ரோஸ் நிறம் ஏறும், புளியில் ஊறப்போட்டு மறந்த பித்தளைச் சொம்பு மாதிரி.

கல்லிடைக்காரன்

டேப் சோதனை முடிந்தது. ஆறு அடுக்கு. ஆறு அடுக்கு ஒட்டியும் போல்ட் ஒரு விரலுக்கு மூடுகிறது, ஏழாவதில்தான் முறுக்கியது. கம்பிச் சோதனையில் மீதி 15-இல் இன்னும் 4 கூட்டில் உள்ளே பள்ளம் மாட்டுகிறது. அத்தான் இரண்டு நிமிஷம் பேசவே இல்லை. 'இதைத் திரும்ப நிரப்பி வெச்சிருந்தேன்னா' என்று மட்டும் சொன்னார்.

அங்கே ஒரு ஃபோரத்தில் யாரோ சொன்னார்களாம், குண்டே இல்லாமல் கொஞ்சம் மருந்து போட்டு, மேலே ரவையை நிரப்பி மெழுகு வைத்து அடைத்துச் சுட்டால் விரிந்துவிடும் என்று. அதைச் செய்யலாமா?

தென்காசிச் சாரல்

உப்புமா ரவையா? வறுத்ததா வறுக்காததா?

பழைய ஆர்மரர்

செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பொய் இல்லை. பேரல் தேய்மானம் மிச்சம், குண்டுச் செலவு மிச்சம். ஆனால் அத்தானின் நோய்க்கு அது மருந்து இல்லை. ரவையாக இருந்தாலும் குண்டாக இருந்தாலும் சேம்பரில் 12 தவ் இடைவெளி இருக்கிறவரைக்கும் கூடு நீளத்தான் செய்யும். மருந்து அளவு பற்றி நான் எழுதமாட்டேன், அது அச்சிட்ட கைநூலைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, யாரும் ஃபோரத்தில் படித்துப் போடவேண்டாம்.

இரண்டு வழி. ஒன்று, வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பேரலைப் பின்னால் தள்ளிக் கேஜ் வைத்துக் கடைவது. இதுதான் சரியான வழி. இரண்டாவது, சேம்பரைத் தொடாமல் கூட்டுக்குப் பொய்த்தோள் வைப்பது. கழுத்தைப் பெரிய அளவுக்கு, 338 எக்ஸ்பாண்டர் (பெரிய குண்டு அளவுக்குக் கழுத்தை விரிக்கும் கம்பி) வைத்து விரித்து, பிறகு 30 ஆக்லி டையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்து, போல்ட் இறுக்கிக்கொண்டு மூடும் இடத்தில் நிறுத்தவேண்டும். கழுத்தில் ஒரு சின்னப் படி நிற்கும், அதுதான் பிடி. சுட்ட பிறகு படி மறைந்துவிடும். கழுத்தை விரிக்கும் முன் வாத்தியார் சொன்ன மாதிரி இளக்கியே ஆகவேண்டும், இறுகின கழுத்தை 338-க்கு இழுத்தால் எக்ஸ்பாண்டரிலேயே கிழியும்.

பாத்திரக்கடை பேரன்

வெடியே இல்லாமல் விரிக்க முடியாதா? நாங்கள் என்றால் உள்ளே எதையாவது நிரப்பி அடித்திருப்போம்.

பேட்டை லேத்

முடியும், அதற்கு டை விற்கிறார்கள். சேம்பர் வடிவத்தில் ஒரு டை, அதற்குள் கூடு, கூட்டில் தண்ணீர், மேலே கச்சிதமான ஒரு கம்பி, கம்பி மேலே சுத்தியல். தண்ணீர் சுருங்காதே, போக வழியில்லாமல் பித்தளையைத் தள்ளிக்கொண்டு போய் டையில் ஒட்டவைக்கும். தோள் மூலை மட்டும் கொஞ்சம் மொழுக்கென்று நிற்கும், முதல் வேட்டில் கூராகிவிடும். எனக்கு இதுதான் பிடித்தது. சத்தம் சுத்தியல் சத்தம் மட்டும், பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடமாட்டான்.

அத்தானுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். விரிந்த கூட்டின் அடியில் 30-06 என்றுதான் முத்திரை இருக்கும். அது இனி சாதாரண 30-06 துப்பாக்கியில் நுழையாது. டப்பா மேலே பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சுட்ட கூடு முன்னைவிடக் கொஞ்சம் குட்டையாக அளவு காட்டும், தோள் அகல கழுத்துப் பித்தளை கீழே இறங்குவதால்தான், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

கல்லிடைக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும், இங்கே நாற்று நடவு.

அத்தான் வேறு ஊரில் ஒரு வயசான ஆசாரியைப் பிடித்துப் பேரலைக் கழற்றி ஒரு புரி தள்ளிக் கடைந்து வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை காலையில் கொடுத்து மத்தியானம் கிடைக்கவில்லை, ஒன்பது நாள் ஆனது. கூடவே நின்று கேஜ் வைப்பதைப் பார்த்தாராம். கூட்டைப் போட்டு மூடினால் கடைசிக் கால் திருப்பத்தில் கை உணர்கிற அளவுக்கு இறுக்கம். புதுக் கூடு 20 சுட்டார், கழுத்து விரிசல் இல்லை, வளையம் இல்லை, கம்பி எதிலும் மாட்டவில்லை. தோள் மூலை பென்சில் நுனி மாதிரிக் கூராக நிற்கிறது.

சாக்குப் பையில் மீதியிருந்த நூற்றுச் சொச்சம் கூடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் 11-இல் சுடாமலே கழுத்தில் மயிரிழை. வாத்தியார் சார், லாயம்தான் போல. மொத்தப் பையையும் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்.

பாளை வாத்தியார்

11 கூடுகளில் இரண்டை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன்.

பழைய ஆர்மரர்

வேண்டாம் சார், கஸ்டம்ஸில் யார் பதில் சொல்வது. உங்களுக்கு ஆச்சி குடம் இருக்கிறதே.

பாத்திரக்கடை பேரன்

கல்லிடை அண்ணாச்சி, அந்தக் குடத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இங்கே கொண்டு வாருங்கள், சித்தப்பா இன்னும் உலை வைத்திருக்கிறார். கழுத்தை முதலில் காய்ச்சி இளக்கிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்கிறார், இல்லாவிட்டால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த கீறல் கிளம்புமாம். தண்ணீர் பிடிக்க ஆகாது, நெல் போட்டு வைக்கலாம். பஸ்ஸில் வருவதானால் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், மேலே லக்கேஜில் போடவேண்டாம்.